யோசனைப் பெட்டியைத் திறந்து பார்த்தவன் சொல்வது

நான் வேலை பார்த்த தொழிற்சாலை மூடப்படுவதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன்பு, நுழைவாயிலுக்குப் பக்கத்தில் ஒரு யோசனைப் பெட்டி வைத்தார்கள். ஆர்டர்கள் குறைந்திருந்தன. சம்பளம் பத்து நாள், பதினைந்து நாள் என்று தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. நிறுவனத்தை நிமிர்த்த உங்கள் யோசனைகளை எழுதிப் போடுங்கள் என்று பெட்டியின் மேல் ஒட்டியிருந்தார்கள். வாரம் ஒருமுறை அதைத் திறந்து, சீட்டுகளைத் தட்டச்சு செய்து மேலே அனுப்பும் வேலை எனக்கு வந்தது.

முதல் சில வாரங்கள் பெட்டி நிரம்பி வழிந்தது. பாதிச் சீட்டுகளில் இருந்தவை எங்கும் கேட்கிற பேச்சுதான்: மேலதிகாரிகளின் கார்களை விற்றுவிடலாம், ஞாயிற்றுக்கிழமையும் வந்து வேலை செய்கிறோம், விளம்பரத்தை நிறுத்துங்கள். மீதிப் பாதிதான் என்னை உட்கார வைத்தது. இரவு ஷிப்டில் எந்த மெஷினும் ஓடாத நேரத்திலும் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருக்கிறது, காற்றுக் குழாயில் லீக் இருக்கும் இடமெல்லாம் சத்தம் காதில் விழுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். ஒரே பேரிங்கை இரண்டு பிரிவுகள் இரண்டு விலைக்கு வாங்குகின்றன என்று ஸ்டோர்ஸிலிருந்து ஒரு சீட்டு. பெரிய வாடிக்கையாளர் ஒருவர் பில் போட்டு ஐந்து மாதம் கழித்துத்தான் பணம் தருகிறார், அதுவரை நாம் கடன் வாங்கிச் சம்பளம் போடுகிறோம், அந்த வட்டியை யாராவது கூட்டிப் பார்த்தீர்களா என்று கணக்குப் பிரிவிலிருந்து இன்னொன்று.

எந்தச் சீட்டுக்கும் பதில் வரவில்லை. மூன்றாவது மாதம் பெட்டி ஏறக்குறைய காலியாகிவிட்டது. கடைசியாக நான் எடுத்த சீட்டில் ஒரே வரி: முன்னால் எழுதிப் போட்டதை யாராவது படித்தீர்களா?

அப்போதிருந்து எனக்கு ஒரு பழக்கம். எந்த நாட்டின் பொருளாதாரம் சரிந்தாலும், அங்கே மக்கள் என்ன யோசனை சொன்னார்கள், அது எங்கே போனது என்று தேடிப் படிக்கிறேன். படிக்கப் படிக்க எனக்குத் தோன்றுவது இதுதான்: சாதாரண மக்கள் சொல்லும் மருந்து பல நேரங்களில் தப்பாக இருக்கிறது, வலி எங்கே என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கிறது. கேட்கிற அரசுகள் மருந்தைத்தான் கேட்கின்றன. வலியைப் பற்றிக் கேட்டால் கிடைக்கக்கூடிய தகவல் அப்படியே வீணாகிவிடுகிறது.

இதற்கு எனக்குத் தெரிந்த மிகப் பெரிய உதாரணம் 1789-இன் பிரான்ஸ். அரசு கடனில் மூழ்கியிருந்தது. அமெரிக்க விடுதலைப் போருக்குச் செய்த செலவு கடனை இன்னும் ஏற்றியிருந்தது. வரவில் பெரும்பகுதியை வட்டியே தின்றது. வேறு வழியில்லாமல் மன்னன் பதினாறாம் லூயி, பாதிரிகள், பிரபுக்கள், மற்ற மக்கள் என்ற மூன்று வர்க்கத்தாரின் சபையைக் கூட்டினான். அதற்கு முன்பு ஊர் ஊராகக் குறைகளை எழுதித் தரச் சொன்னான். சுமார் 60,000 குறிப்பேடுகள் எழுதப்பட்டன. கிராமத்து ஏடுகளில் நிதித் திட்டம் என்று பெரிதாக எதுவும் இல்லை. உப்பு வரியைப் பற்றிய புலம்பல் இருந்தது. பிரபுவின் புறாக்கள் விதைத்த தானியத்தைத் தின்பதைப் பற்றி இருந்தது. பிரபுவும் பாதிரியும் கொடுக்காத வரியை நாங்கள் மட்டும் ஏன் கொடுக்க வேண்டும் என்ற கேள்வி இருந்தது.

பொருளாதாரம் படித்த ஒருவர் அன்றைக்கு இதைப் பார்த்திருந்தால், புறாவுக்கும் நாட்டின் கடனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருக்கலாம். சம்பந்தம் இருந்தது. செல்வம் அதிகம் இருந்தவர்களிடம் வரி வாங்கும் வழி அரசுக்கு இல்லை. இல்லாதவர்களிடமிருந்து இதற்குமேல் பிழியவும் முடியவில்லை. கருவூலம் காலியானதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று அது. கிராமத்தார் தங்கள் வாசலில் நின்று பார்த்ததை எழுதினார்கள், எழுதியது சரியாக இருந்தது. அந்த ஆகஸ்ட் 4-ஆம் தேதி இரவு தேசிய சபை பிரபுக்களின் சலுகைகளை ஒழிப்பதாக அறிவித்தது. அடுத்த ஆண்டு உப்பு வரியும் போயிற்று. அதற்குள் நாடு தீப்பற்றியிருந்தது என்பது வேறு கதை.

அதே நாட்டில் 230 ஆண்டுகள் கழித்து, 2019-இல், எரிபொருள் வரியை எதிர்த்து மஞ்சள் அங்கி அணிந்து மக்கள் தெருவுக்கு வந்த போராட்டத்துக்குப் பிறகு அரசு ஒரு மகா தேசிய விவாதம் நடத்தியது. ஆயிரக்கணக்கான ஊராட்சி அலுவலகங்களில் மறுபடியும் குறிப்பேடுகளைத் திறந்து வைத்தார்கள், மக்கள் மறுபடியும் கையால் எழுதினார்கள். வாழ்க்கைச் செலவு, ஓய்வூதியம், வரி, பக்கத்தில் மருத்துவர் இல்லாதது. சுருக்கங்கள் தயாராயின. ஏடுகள் மாவட்ட ஆவணக் காப்பகங்களுக்குப் போயின. பல ஆண்டுகளாகியும் அவற்றை எல்லோரும் படிக்கும்படி வெளியிடுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு அந்த ஒற்றை வரிச் சீட்டு நினைவுக்கு வந்தது.

சரி, மருந்துக்கு வருவோம். மக்களைக் கேட்டால் முதலில் வரும் யோசனை சிக்கனம். வீட்டில் பணம் போதவில்லையென்றால் செலவைக் குறைக்கிறோம், நாடும் அதைத்தான் செய்ய வேண்டும். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் வீட்டுக்கும் நாட்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. நான் செலவைக் குறைத்தால் என் சம்பளம் குறைவதில்லை. நாட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் குறைத்தால் எல்லோருடைய சம்பளமும் குறையும். ஏனென்றால் ஒருவர் செலவுதான் இன்னொருவர் வரவு. 1931 ஜனவரியில், வேலையில்லாத் திண்டாட்டம் ஏறிக்கொண்டிருந்த பிரிட்டனில், ஜான் மேனார்ட் கெய்ன்ஸ் வானொலியில் பேசினார். நீங்கள் ஐந்து ஷில்லிங் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் ஒருவருடைய ஒரு நாள் வேலை போகிறது என்று இல்லத்தரசிகளிடம் சொன்னார். கடைக்குப் போங்கள் என்று ஒரு பொருளாதார அறிஞர் கெஞ்ச வேண்டியிருந்தது.

எப்போது சிக்கனம், எப்போது செலவு என்பது நோயைப் பொறுத்தது. சரக்கு விற்காமல் கிடக்கிறது, ஆட்கள் சும்மா இருக்கிறார்கள் என்றால் சிக்கனம் விஷம். உற்பத்திக்கு மேல் செலவு ஓடுகிறது, விலை ஏறுகிறது, வெளிநாட்டுப் பணம் தீர்ந்துவிட்டது என்றால் எங்கேயாவது குறைத்துத்தான் ஆக வேண்டும். இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் மக்களிடம் யோசனை கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1974-இன் அமெரிக்காவைச் சொல்லலாம். முந்தைய ஆண்டின் எண்ணெய் நெருக்கடியில் கச்சா எண்ணெய் விலை நான்கு மடங்காகியிருந்தது. அக்டோபர் 8-ஆம் தேதி அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு நாடாளுமன்றத்தில் பேசினார். பணவீக்கத்தைக் குறைக்கவும் எரிபொருளைச் சேமிக்கவும் தாங்கள் செய்யக்கூடிய பத்து விஷயங்களை மக்கள் பட்டியலிட வேண்டும் என்றார். வரியைக் கூட்டவும் அதே உரையில் முன்மொழிந்தார். சட்டையில் குத்திக்கொள்ள பேட்ஜ்கள் வந்தன. வீட்டுத் தோட்டம் போடுங்கள், காரைப் பகிர்ந்துகொள்ளுங்கள் என்ற யோசனைகள் குவிந்தன. எழுதியவர்களின் மனது நல்ல மனது. ஆனால் நாடு ஏற்கெனவே மந்தத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. மூன்றே மாதத்தில், 1975 ஜனவரியில், அதே அதிபர் வரியைக் குறைக்கச் சொன்னார். அந்த மே மாதம் வேலையின்மை 9 சதவீதத்தைத் தொட்டது.

பிரிட்டனில் நடந்தது இதைவிட மனதைத் தொடுவது. 1967 நவம்பரில் பவுண்டின் மதிப்பை 2.80 டாலரிலிருந்து 2.40 டாலராக இறக்கினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் லண்டனை ஒட்டிய சர்பிட்டனில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்த ஐந்து பெண் செயலாளர்கள், தினமும் அரை மணி நேரம் சம்பளம் வாங்காமல் கூடுதலாக வேலை செய்கிறோம் என்று முன்வந்தார்கள். சில நாட்களில் அது நாடு முழுவதும் பரவி, பிரிட்டனை ஆதரிக்கிறேன் என்ற இயக்கமானது. பிரதமர் பாராட்டினார். தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, சம்பளமில்லா அரை மணி நேரம் நாளைக்கு வழக்கமாகிவிடும் என்று அவை பயந்ததில் நியாயம் இருந்தது. உள்நாட்டுப் பொருளை வாங்குங்கள் என்று விற்ற சட்டைகளில் சில போர்ச்சுகலில் தைக்கப்பட்டவை என்று தெரியவந்தது. சில மாதங்களில் இயக்கம் ஓய்ந்துபோனது. தட்டச்சு அறையில் அரை மணி நேரம் கூடியதால் ஏற்றுமதி கூடிவிடாது. பிரிட்டனின் தொழிற்சாலைகளில் இருந்த பழைய இயந்திரங்களும் நிர்வாகக் கோளாறுகளும் அப்படியே இருந்தன. எனக்கு அந்த ஐந்து பேர் மீது மரியாதை உண்டு. அவர்கள் தங்களிடம் இருந்த ஒரே பொருளை, நேரத்தை, எடுத்து நீட்டினார்கள். அதை வாங்கி எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை.

தியாகம் சரியான இடத்தில் போய் விழுந்தது தென் கொரியாவில். 1997 நவம்பரில் அங்கே டாலர் கையிருப்பு கரைந்து, சர்வதேச நாணய நிதியத்திடம் போக வேண்டி வந்தது. 1998 ஜனவரியில் தங்கம் திரட்டும் இயக்கம் தொடங்கியது. கல்யாண மோதிரம், குழந்தைக்குப் போட்ட மோதிரம், பதக்கம் என்று சுமார் 35 லட்சம் பேர் கொண்டுவந்து கொடுத்தார்கள். மொத்தம் 227 டன். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. அது பெரும்பாலும் நன்கொடை இல்லை. கொடுத்தவருக்கு உள்நாட்டுப் பணமான வொன்னில் விலை தரப்பட்டது. தங்கம் உருக்கி வெளிநாட்டுக்கு விற்கப்பட்டது, டாலர் உள்ளே வந்தது. நாட்டுக்கு எது தட்டுப்பாடோ அதுவே மக்களின் அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. அதனால் மருந்தும் நோயும் பொருந்தின. ஆனாலும் கிடைத்தது சுமார் 200 கோடி டாலர். ஒப்புக்கொண்ட மொத்த உதவியோ 5,500 கோடி டாலருக்கு மேல். நாட்டைத் தூக்கி நிறுத்தியது குறுகிய காலக் கடன்களைத் தள்ளிப்போடச் சம்மதித்த வெளிநாட்டு வங்கிகள், செயலிழந்த உள்நாட்டு வங்கிகளை மூடியும் இணைத்தும் செய்த சீரமைப்பு, வொன் மதிப்பு விழுந்ததால் ஏறிய ஏற்றுமதி, இவற்றோடு சேர்ந்து பெருந்திரளான வேலை இழப்பும்தான். நிதியத்தின் கடனை 2001 ஆகஸ்டில், கெடுவுக்கு ஏறக்குறைய மூன்று ஆண்டு முன்பே, அடைத்துவிட்டார்கள். தங்கம் மட்டும் அதைச் செய்யவில்லை. ஆனால் அதற்கப்புறம் வந்த கசப்பான மாற்றங்களை மக்கள் பொறுத்துக்கொண்டதில் அந்த மோதிரங்களுக்கு ஒரு பங்கு இருந்தது என்று நினைக்கிறேன்.

இதனால்தான், தலைவர்களின் சம்பளத்தை வெட்டு, விமானத்தை விற்றுவிடு என்று மக்கள் சொல்லும்போது அதை எளிதாகத் தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. கணக்குப் பார்த்தால் அது கடலில் ஒரு துளி. ஆப்பிரிக்க நாடான மலாவியில் 2012-இல் ஜாய்ஸ் பண்டா அதிபரானார், நாணய மதிப்பை மூன்றில் ஒரு பங்கு இறக்கினார், விலைவாசி எகிறியது. தன் சம்பளத்தில் 30 சதவீதத்தைக் குறைத்துக்கொண்டார். அதிபரின் ஜெட் விமானம் 2013-இல் 1.5 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. அந்தத் தொகை ஒரு நாட்டை மீட்காது. ஆனால் வயிற்றைக் கட்டச் சொல்கிறவர் தானும் கட்டியிருக்கிறாரா என்று மக்கள் பார்ப்பது பொறாமையால் இல்லை. சுமையைப் பகிர்வதில் ஏமாற்று இருக்குமோ என்பதற்கு அவர்களிடம் இருக்கும் ஒரே அளவுகோல் அது. பின்னால் அந்த விமானப் பணம் எங்கே போனது என்று அங்கே கேள்வி எழுந்தது. அத்தோடு அந்தச் செய்கையின் மதிப்பும் கரைந்தது.

தப்பான மருந்து, சரியான வலி என்று சொன்னேனே, அதற்கு என் மனதில் எப்போதும் நிற்பது பிரான்சிஸ் டவுன்சென்ட். கலிபோர்னியாவின் லாங் பீச்சில் வாழ்ந்த வயதான மருத்துவர். 1933 செப்டம்பரில், பெருமந்தத்தின் அடிமட்டத்தில், உள்ளூர் நாளிதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். 60 வயது தாண்டிய ஒவ்வொருவருக்கும் மாதம் 200 டாலர் கொடுங்கள். அவர்கள் வேலையிலிருந்து விலக வேண்டும். பணத்தை 30 நாட்களுக்குள் நாட்டுக்குள்ளேயே செலவழித்துவிட வேண்டும். இளைஞருக்கு வேலை கிடைக்கும், கடைகளில் வியாபாரம் நடக்கும். விற்பனை ஒவ்வொன்றின் மீதும் 2 சதவீத வரி போட்டால் செலவு ஈடாகும் என்றார்.

ஈடாகாது. அன்றைக்கு 60 வயது கடந்தவர்கள் சுமார் ஒரு கோடி. ஆளுக்கு வருடத்துக்கு 2,400 டாலர் என்றால், நாட்டின் மொத்த வருமானத்தில் ஏறக்குறைய பாதியை அவர்களுக்கே கொடுக்க வேண்டும். நிபுணர்கள் இதைப் பிட்டுப் பிட்டு வைத்தார்கள். ஆனால் நாடெங்கும் அவர் பெயரில் ஆயிரக்கணக்கான மன்றங்கள் முளைத்தன. சேமிப்பை வங்கியோடு இழந்த முதியவர்கள் அதில் சேர்ந்தார்கள். பணம் கைமாறாமல் நிற்பதுதான் நோய் என்று அந்த மருத்துவர் கண்டதும் சரி, வயோதிகத்தில் வறுமை தனி மனிதரின் குற்றம் இல்லை என்று அவர்கள் சொன்னதும் சரி. அதிபர் ரூஸ்வெல்ட் அந்தத் திட்டத்தை ஏற்கவில்லை. அந்த அழுத்தத்தைப் புறக்கணிக்கவும் முடியவில்லை. 1935 ஆகஸ்ட் 14-இல், முதியோருக்கு ஓய்வூதியம் தரும் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். கணக்குத் தெரிந்தவர்கள் வேறு கணக்குப் போட்டார்கள், கேள்வி அந்தக் கடிதத்திலிருந்து வந்தது. இப்படித்தான் நடக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

கேட்கும் விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அயர்லாந்தில் 2008-இல் வங்கிகள் சரிந்தன, அரசு அவற்றின் கடன்களுக்கு உத்தரவாதம் கொடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டது. 2010-இல் நாட்டை மாற்றும் பெரிய யோசனை ஒன்றைச் சொல்லுங்கள் என்று பொதுமக்களுக்கு ஒரு போட்டி நடந்தது. வெல்லும் இரண்டு யோசனைகளுக்குத் தலா ஒரு லட்சம் யூரோ. சுமார் 9,000 யோசனைகள் வந்தன. தரவு மையங்களின் தீவாக நாட்டை மாற்றுவது ஒன்று, உலக ஊடக வணிகத்தின் மையமாக்குவது இன்னொன்று. செப்டம்பரில் பரிசு அறிவித்தார்கள். நவம்பரில் 8,500 கோடி யூரோ மீட்புத் திட்டத்துக்காக நாடு ஐரோப்பிய ஒன்றியத்திடமும் நாணய நிதியத்திடமும் போய் நின்றது. யோசனைகளில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஓட்டை வங்கிகளின் கணக்கில் இருந்தது. அதைப் பொதுமக்கள் தங்கள் இடத்திலிருந்து பார்த்திருக்கவே முடியாது.

இதோடு 2009-இல் அமெரிக்க அரசு தன் ஊழியர்களிடம் மட்டும் கேட்டதை ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் வேலையில் எங்கே பணத்தை மிச்சப்படுத்தலாம் என்று கேட்டார்கள். 38,000-க்கும் மேல் பதில்கள். தேர்வானது கொலராடோவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் வேலை பார்த்த ஒருவருடையது. நோயாளி உள்ளே இருக்கும்போது பிரித்துப் பயன்படுத்திய மருந்துகளில் மீதியை, அவர் வீட்டுக்குப் போகும் நாளில் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். அதே மருந்தை வீட்டில் தொடர மறுபடி வாங்க வேண்டியிருக்கிறது. மீதியைக் கையோடு கொடுத்தனுப்பலாமே என்றார். இது என் கம்ப்ரஸர்காரரின் சீட்டு போன்றது. நாட்டின் கடனை அடைத்துவிடாது. ஆனால் எந்தத் தலைமைச் செயலக அறையிலிருந்தும் அந்தக் குப்பைத் தொட்டி கண்ணில் படாது.

கேட்காமலே விட்டால் என்ன நடக்கும்? இலங்கை 2021-இல் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தது. டாலரும் மிச்சமாகும், மண்ணும் நலமாகும் என்ற எண்ணம். ஒரே பருவத்தில் நாடு முழுவதையும் இயற்கை உரத்துக்கு மாற்ற முடியாது, அவ்வளவு எருவே கிடையாது என்று விவசாயிகளும் வேளாண் அறிஞர்களும் கத்தினார்கள். நெல் விளைச்சல் சரிந்தது, தேயிலை அடிபட்டது, அரிசியை இறக்குமதி செய்ய வேண்டி வந்தது. அந்த நவம்பரில் தடையைக் கைவிட்டார்கள். 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தர முடியாது என்று அறிவித்ததற்கு வரிக் குறைப்பு, கடன், சுற்றுலா வீழ்ச்சி என்று வேறு பெரிய காரணங்கள் உண்டு. ஆனால் இந்த ஒரு தவறு, வயலில் நிற்கும் எவரிடம் கேட்டிருந்தாலும் தவிர்த்திருக்கக்கூடியது. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது.

கேட்டு, பதிலும் சொன்ன இடம் எங்காவது உண்டா என்றால், பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே. ஒரு நகரம்தான், நாடு இல்லை. அந்த அளவை மறக்கக் கூடாது. 1989-இல் நகரத்தின் முதலீட்டுப் பணத்தை எங்கே செலவிடுவது என்பதை அந்தந்தப் பகுதி மக்களின் கூட்டங்களுக்கு விட்டார்கள். ஏழைப் பகுதிகளுக்குக் கூடுதல் எடை கொடுத்தார்கள். மக்கள் பெரும்பாலும் கேட்டது குடிநீர், கழிவுநீர்க் குழாய், தார்ச்சாலை. ஆரம்பத்தில் நகராட்சியின் வரவு சம்பளத்துக்கே போய்விட்டதால் சொன்ன வேலைகள் நடக்கவில்லை, நம்பிக்கையும் ஆட்டம் கண்டது. வரி வருமானத்தைச் சீர்செய்து வேலைகள் நடக்கத் தொடங்கியதும் மக்கள் திரும்ப வந்தார்கள். 1988-இல் 75 சதவீத வீடுகளுக்கு இருந்த குடிநீர், கழிவுநீர் இணைப்பு, 1997-க்குள் 98 சதவீத வீடுகளை எட்டியது. ஒவ்வொரு ஆண்டும் முதல் சுற்றுக் கூட்டத்தில் நிர்வாகம் போன வருடக் கணக்கை வைக்கும்: நீங்கள் கேட்டவற்றில் இது முடிந்தது, இது பாதியில் நிற்கிறது, இது ஏன் தொடங்கவே இல்லை. அதற்குப் பிறகுதான் புதுக் கோரிக்கை. பிற்காலத்தில் அங்கேயே அந்த முறை மெலிந்துபோனது என்பது எனக்கு வருத்தம்.

அதனால் யோசனை கேட்கும் எந்த அரசுக்கும் நான் சொல்ல விரும்புவது, நாட்டைக் காப்பாற்றுவது எப்படி என்று பொதுவாகக் கேட்காதீர்கள். வட்டி விகிதம், கடன் சீரமைப்பு, நாணய மதிப்பு எல்லாம் படித்தவர்கள் உட்கார்ந்து போட வேண்டிய கணக்கு. அந்தப் பொறுப்பை மக்கள் தலையில் கட்ட வேண்டாம். லாரி ஓட்டுபவரிடம் எந்தச் சோதனைச் சாவடியில் எத்தனை மணி நேரம் நிற்கிறீர்கள், எதற்குப் பணம் கொடுக்கிறீர்கள் என்று கேளுங்கள். சிறு தொழில் நடத்துபவரிடம் அரசு உங்களுக்குத் தர வேண்டிய பாக்கி எத்தனை மாதமாக நிற்கிறது என்று கேளுங்கள். பல நாடுகளில் ஒப்பந்தக்காரருக்கு அரசு வைத்திருக்கும் நிலுவை, கீழே நூறு பேருடைய சம்பளத்தை நிறுத்திவைக்கிறது. செவிலியரிடம் எந்த மருந்து காலாவதியாகிக் குப்பைக்குப் போகிறது என்று கேளுங்கள். கடையை மூடியவரிடம் எந்த மாதம் மூட முடிவெடுத்தீர்கள், அந்த மாதம் என்ன நடந்தது என்று கேளுங்கள். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு எண் கொடுங்கள். மூன்று மாதத்துக்குள் அந்த எண்ணுக்கு எதிரே ஏதாவது ஒன்றை எழுதுங்கள். செய்துவிட்டோம், செய்ய முடியாது, ஏன் முடியாது, இன்னும் பார்க்கவில்லை, எதுவானாலும் சரி.

எங்கள் தொழிற்சாலையின் இயந்திரங்களை ஏலத்தில் எடுக்க வந்தவர்கள், பார்வையிடும் நாளன்று கம்ப்ரஸரை ஓட்டிப் பார்த்தார்கள். மற்ற மெஷின்கள் எல்லாம் நின்றிருந்ததால் ஷெட் அமைதியாக இருந்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன். குழாயில் எட்டு இடத்திலாவது காற்று சீறிக்கொண்டு வெளியே போனது. எங்கெங்கே என்று அந்தச் சீட்டில் எழுதியிருந்தது.